டிரைவிங் நேரத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள், செய்யலாமா?

வாசகர் கேள்வி: பாபநாசம் பக்கம் கிராமம். பி.காம். முடித்துவிட்டு ஏழு மாதமாகத் தஞ்சாவூரில் ஓர் அலுவலகத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். அமெரிக்க லாரி கம்பெனிகளுக்கு ஈ.எல்.டி. லாக் (டிரைவரின் ஓட்டம், வேலை, ஓய்வு நேரங்களை வண்டியில் உள்ள மின்னணுக் கருவி பதியும் பதிவேடு) சரிபார்ப்பது வேலை. என் கணக்கில் 32 வண்டிகள். திரையில் சிவப்பாக வயலேஷன் (விதிமீறல்) வந்தால் ‘கிளீன் பண்ணிடு’ என்கிறார் டீம் லீடர். சில டிரைவர்களும் போன் போட்டு ‘எனக்கு ஒரு மணி நேரம் கொடு’ என்று கேட்கிறார்கள். எதைத் திருத்தலாம், எதைத் திருத்தக்கூடாது என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஓய்வை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட் ஸ்லீப்பர் கணக்கும், நேர வித்தியாசமும் இன்னும் குழப்புகின்றன. பின்னால் எனக்கு ஏதாவது சிக்கல் வருமா?

பதில்:

தம்பி, முதலில் நேரடியான பதில். டிரைவர் ஆஃப் டியூட்டியில் இருந்ததையோ, சாமான் இறக்கியதையோ, படுத்ததையோ தவறாகக் குறித்திருந்தால் நீங்கள் திருத்தம் முன்மொழியலாம். வண்டி ஓடியதைக் கருவி தானாகப் பதிந்த டிரைவிங் நேரத்தைக் குறைக்கவோ அழிக்கவோ கூடாது. டிரைவர் செய்யக்கூடாது, கம்பெனி செய்யக்கூடாது, தஞ்சாவூரில் உட்கார்ந்திருக்கும் நீங்களும் செய்யக்கூடாது. அமெரிக்க ஃபெடரல் விதித்தொகுப்பின் 49-ஆம் தலைப்பு, 395-ஆம் பகுதி இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது. இருவர் மாறி மாறி ஓட்டும் டீம் வண்டியில் ஒருவர் ஓட்டியது மற்றவர் பெயரில் விழுந்துவிட்டால் அதை உரியவர் பெயருக்கு மாற்றலாம். அங்கும் நேரம் மறைவதில்லை, ஆள்தான் மாறுகிறார். உங்கள் திரையில் டிரைவிங் நேரத்தை அழிக்க ஒரு பொத்தான் இருக்கிறது என்றால், அது உங்களுக்குக் கிடைத்த அதிகாரம் அல்ல. அந்த மென்பொருள் விதிக்குப் பொருந்தவில்லை என்பதற்கான அடையாளம். அப்படிப்பட்ட கருவிகளை அங்கே பதிவுப் பட்டியலிலிருந்து நீக்குகிறார்கள். நீக்கினால் பொதுவாக 60 நாளுக்குள் கம்பெனி எல்லா வண்டியிலும் வேறு கருவி மாட்ட வேண்டியிருக்கும்.

ஏன் இவ்வளவு கறார்? காகித லாக் புத்தகம் இருந்த காலத்தில் எழுதுவதெல்லாம் டிரைவர் கையில் இருந்தது. அதை மாற்றத்தான் 2015 டிசம்பரில் விதி வெளியாகி, 2017 டிசம்பர் 18 முதல் ஈ.எல்.டி. கட்டாயமானது. பழைய வகைக் கருவி வைத்திருந்தவர்களுக்கு 2019 டிசம்பர் 16 வரை அவகாசம் தந்தார்கள். கருவி நேராக எஞ்ஜின் கணினியோடு இணைந்திருக்கிறது. மணிக்கு 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாலே ‘வண்டி ஓடுகிறது’ என்று டிரைவிங் கோடு போட்டுவிடும். நின்று 5 நிமிடம் ஆனதும் ‘இன்னும் டிரைவிங்தானா’ என்று டிரைவரைக் கேட்கும். ஒரு நிமிடத்தில் பதில் இல்லை என்றால் தானாக ஆன் டியூட்டிக்கு (ஓட்டாமல் வேலையில் இருக்கும் நிலைக்கு) மாறும். ஓடும்போது 60 நிமிடத்துக்கு ஒரு முறை இடம், ஓடோமீட்டர், எஞ்ஜின் மணி எல்லாம் பதிவாகும்.

ஆகவே ‘கிளீன்’ செய்த லாக்கைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஒஹையோவின் கொலம்பஸில் ஆஃப் டியூட்டி என்று ஒரு வரி, அடுத்த வரி இண்டியானாபொலிஸில் ஆன் டியூட்டி, நடுவில் டிரைவிங்கே இல்லை, ஆனால் ஓடோமீட்டர் 175 மைல் கூடியிருக்கிறது என்றால் சாலையோரச் சோதனை அதிகாரிக்கு அதுவே போதும். டீசல் பில், டோல் பதிவு, எடை நிலையப் பதிவு, லோடு ஏற்றிய ரசீது ஆகியவற்றை லாக்கோடு வைத்து ஒப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு எட்டு வரை இத்தகைய ஆவணங்களைக் கம்பெனி ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் திருத்தியது பழையதை அழித்துவிடும் என்று நினைக்காதீர்கள். மூலப்பதிவு ‘மாற்றப்பட்டது’ என்ற குறியோடு உள்ளேயே இருக்கும். யார் மாற்றினார்கள் என்பதும் இருக்கும்: டிரைவரா, கருவியா, அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் வேறு பயனரா என்று தனித்தனிக் குறியீடு உண்டு. அந்த மூன்றாவது இடத்தில் வருவது உங்கள் லாகின். அதனால் உங்கள் பாஸ்வேர்டை ஷிஃப்ட் மாற்றும் நண்பருக்குக்கூடத் தராதீர்கள்.

இனி மணிக்கணக்கு. இதில்தான் பாதி வயலேஷன்கள் முளைக்கின்றன, இதைத் தெரிந்துகொண்டால் ‘கிளீன்’ செய்யவேண்டிய தேவையே குறைந்துவிடும். சரக்கு வண்டி டிரைவர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்து வந்தால் அவருக்கு இரண்டு கடிகாரம் கிடைக்கும். ஒன்று, 11 மணி நேரம் ஓட்டலாம். இன்னொன்று, வேலை தொடங்கிய நொடியிலிருந்து 14 மணி நேரத்துக்குள் அந்த ஓட்டத்தை முடிக்க வேண்டும். 8 மணி நேர ஓட்டம் சேர்ந்தால் அதற்குமேல் ஓட்டுவதற்கு முன் 30 நிமிடம் ஓட்டாமல் இருந்திருக்க வேண்டும். 2020 செப்டம்பர் 29 முதல் அந்த அரை மணி ஓய்வாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஆன் டியூட்டியில் டீசல் போட்டுக்கொண்டிருந்தாலும் கணக்கில் வரும். ஓட்டமும் மற்ற வேலையும் சேர்ந்த மொத்தக் கணக்கு, வாரம் முழுக்க ஓடும் கம்பெனிக்கு 8 நாளில் 70 மணி. மற்றவர்களுக்கு 7 நாளில் 60. தொடர்ந்து 34 மணி நேரம் ஓய்வெடுத்தால் இந்த மொத்தக் கணக்கு பூஜ்யமாகும்.

14 மணி கடிகாரம்தான் ஆளை ஏமாற்றும். வண்டி நின்றாலும் அது நிற்காது. குறுவை அறுவடை சமயத்தில் நம் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் லாரி வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மூட்டை ஏற்ற முறை வரும்வரை டிரைவர் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்திருப்பார். ‘வண்டி ஓடவில்லையே, ஓய்வுதானே’ என்று நமக்குத் தோன்றும். அங்கே கிடங்கு வாசலில் நிற்பதும் அப்படித்தான், ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம், ஈஸ்டர்ன் நேரம் (அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரம்). காலை 6-க்கு வேலை தொடக்கம், அரை மணி வண்டிப் பரிசோதனை. 6.30 முதல் 9.30 வரை 3 மணி ஓட்டம். 9.30 முதல் மாலை 3.30 வரை கிடங்கில் காத்திருப்பு. பிறகு ஓட்டம். 14 மணி இரவு 8-க்கு முடிந்துவிடும். அதுவரை மொத்தமாக ஓட்டியது 7½ மணி. 11-இல் மூன்றரை மணி மிச்சம் இருந்தும் பயனில்லை. இரவு 8-ஐத் தாண்டி ஓட்டினால் வயலேஷன்.

இங்கேதான் ஸ்ப்ளிட் ஸ்லீப்பர் வருகிறது. 10 மணி ஓய்வை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று குறைந்தது 7 மணி நேரம், ஸ்லீப்பர் பெர்த்தில், அதாவது வண்டியிலேயே உள்ள படுக்கையில்தான். இன்னொன்று குறைந்தது 2 மணி நேரம், ஆஃப் டியூட்டியாகவோ ஸ்லீப்பராகவோ இரண்டும் கலந்தோ இருக்கலாம். இரண்டும் கூடினால் 10-க்குக் குறையக்கூடாது. அப்படி ஜோடி சேர்ந்தால் இரண்டு ஓய்வுமே 14 மணிக் கணக்கில் சேராது. மேலே சொன்ன டிரைவர் அந்த ஆறு மணி நேரமும் பொறுப்பிலிருந்து விடுபட்டு உண்மையில் ஓய்வெடுத்திருந்தால், 3.30 முதல் இரவு 11.30 வரை 8 மணி ஓட்டி, அந்த நாளின் 11-ஐ முடித்து, 11.30 முதல் காலை 6.30 வரை ஸ்லீப்பரில் 7 மணி படுத்தால் எல்லாம் விதிக்குள் வந்துவிடும்.

இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, இரண்டாவது ஓய்வு முடியும்வரை ஜோடி சேராது. அதனால் சில மென்பொருள்கள் இரவு 8-க்கே சிவப்பு காட்டி, காலை 6.30-க்குப் பிறகுதான் அதை நீக்கும். சிவப்பைப் பார்த்துப் பதறி எதையும் மாற்றிவிடாதீர்கள். ஆனால் டிரைவர் ஏழு மணி நேரத்துக்குப் பதில் ஆறே முக்கால் மணி நேரத்திலேயே எழுந்து ஓட்டிவிட்டால் ஜோடி உடைந்துபோய், முந்தைய நாளின் சிவப்பு நிலைத்துவிடும். இரண்டு, காலை 6.30-க்குப் புதிதாக 11 மணி நேரம் கிடைத்துவிடாது. கணக்கு முதல் ஓய்வு முடிந்த மாலை 3.30-இலிருந்து தொடங்கும். அதன்பின் 8 மணி ஓட்டியாகிவிட்டது. எனவே மிச்சம் 3 மணி ஓட்டம், 14-இல் 6 மணி. லோடு ஒதுக்கும் டிஸ்பேட்ச் ஆள் இதை மறந்து 500 மைல் லோடு போட்டுவிட்டு, மதியம் உங்களிடம் ‘கிளீன் பண்ணு’ என்பார். லோடு போடும் முன்பே ‘இவருக்கு மூன்று மணிதான்’ என்று எழுதி அனுப்புங்கள்.

இதே உதாரணத்தில் நியாயமான திருத்தமும் இருக்கிறது. டிரைவர் கிடங்கில் படுத்துத் தூங்கினார், ஆனால் ஆன் டியூட்டியிலிருந்து ஸ்லீப்பருக்கு மாற்ற மறந்துவிட்டார் என்று வையுங்கள். அதைத் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். ஆனால் அவரைக் கேட்காமல் நீங்களாக மாற்றினால் அதுவும் பொய்தான். ஒரு மணி நேரம் நின்று பேலட் எண்ணியிருந்தால் அது வேலை. செய்முறை இப்படி: டிரைவரிடம் போனில் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்று கேளுங்கள். திருத்தத்தை முன்மொழியுங்கள். காரணத்தை முழுதாக எழுதுங்கள்: ‘9.45 முதல் 3.15 வரை ஸ்லீப்பரில், நிலை மாற்ற மறந்தார், டிரைவர் போனில் சொன்னார்’ என்பதுபோல. கருவி நான்கு எழுத்து இருந்தாலே ஏற்றுக்கொள்ளும், அதனால் ‘எடிட்’ என்ற ஒரே சொல்லைப் போட்டுத் தள்ளுகிறார்கள். ஆறு மாதம் கழித்து ஆடிட்டில் அந்தச் சொல் யாரையும் காப்பாற்றாது. கடைசியில் டிரைவர் அவர் திரையில் அதை ஏற்று, மறுபடி சான்றளிக்க வேண்டும். அவர் மறுத்தால் மூலப்பதிவே நிற்கும். அவர் லாகினுக்குள் நீங்கள் நுழைந்து ஏற்றுக்கொள்வது கையெழுத்தைப் போலியாகப் போடுவதற்குச் சமம்.

பர்சனல் கன்வேயன்ஸ், அதாவது சொந்தத் தேவைக்கு ஓட்டியதாகக் குறிப்பது பற்றியும் டிரைவர்கள் கெஞ்சுவார்கள். வேலையிலிருந்து விடுபட்ட பின் தங்குமிடத்திலிருந்து சாப்பாட்டுக் கடைக்கு வண்டியை எடுத்துப்போவது போன்றதற்குத்தான் அது. அடுத்த லோடு இருக்கும் ஊரை நெருங்குவதற்கு அல்ல. ஓட்டும் முன்பே தேர்வு செய்ய வேண்டும். மறந்திருந்தால் டிரைவிங் கோட்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் குறிப்பு எழுதச் சொல்லுங்கள்.

பனிப்புயல், திடீர் விபத்தால் சாலை மூடல் என்று புறப்படும்போது தெரியாத தடை வந்தால் ஓட்டத்துக்கும் 14-க்கும் 2 மணி நேரம் வரை கூட்ட விதியே இடம் தருகிறது. காரணத்தைக் குறிப்பில் எழுத வேண்டும். கிடங்குத் தாமதமும் வழக்கமான நகர நெரிசலும் இதில் சேராது.

அன்ஐடென்டிஃபைட் டிரைவிங் என்று வருவதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 32 வண்டியில் உங்கள் நேரத்தை மிக அதிகமாகத் தின்பது அதுவாகத்தான் இருக்கும். யாரும் லாகின் செய்யாமல் வண்டி நகர்ந்தால் அது பெயரில்லாத கணக்கில் விழும். மெக்கானிக் பட்டறைக்குள் நகர்த்தியிருக்கலாம், டிரைவர் லாகின் செய்யும் முன் டீசல் பங்குக்கு ஓட்டியிருக்கலாம், டிரைவர் வேண்டுமென்றே லாக் அவுட் செய்துவிட்டு ஓட்டியிருக்கலாம். கடைசி வகையைப் பிடிப்பது சுலபம்: பெயரில்லாத ஓட்டம் எங்கே முடிகிறதோ அங்கேயே ஒருவர் பத்து நிமிடத்தில் லாகின் செய்திருப்பார், முந்தைய லாக் அவுட்டும் அது தொடங்கிய இடத்திலேயே இருக்கும். அவருக்கு ஒதுக்குங்கள். யாருடையதும் இல்லை என்று உறுதியானால் காரணத்தை எழுதி மூடுங்கள். 24 மணி நேரத்தில் 30 நிமிடத்துக்கு மேல் இப்படிச் சேர்ந்தால் கருவி எச்சரிக்கைக் குறியைப் போடும். சோதனை அதிகாரியின் கண் முதலில் அதில்தான் விழும்.

கருவி வேலை செய்யவில்லை என்று போன் வந்தால் முதலில் எந்த எழுத்து தெரிகிறது என்று கேளுங்கள். ‘பி’ என்றால் மின்சாரம், ‘இ’ என்றால் எஞ்ஜின் தொடர்பு, ‘டி’ என்றால் கடிகாரம், ‘எல்’ என்றால் இடம், ‘ஆர்’ என்றால் பதிவு, ‘எஸ்’ என்றால் தரவு அனுப்புதல். ‘இ’ வந்தால் டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஒன்பது பின் கனெக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். டிரைவரின் கால் பட்டுத் தளர்ந்திருக்கும். புதிய வண்டியில் சாக்கெட் பச்சை, பழையதில் கறுப்பு. பச்சைக் கேபிள் இரண்டிலும் பொருந்தும், கறுப்புக் கேபிள் பச்சை சாக்கெட்டில் பொருந்தாது. வண்டி மாற்றிய மறுநாள் வரும் புகாரில் இதை மறக்காமல் கேளுங்கள். அடுத்து ப்ளூடூத், பிறகு போனின் பேட்டரி சேமிப்பு அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிட்டதா என்பது. இவையெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் டிரைவர் 24 மணி நேரத்துக்குள் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, அன்றைக்கும் முந்தைய 7 நாளுக்கும் லாக் கையில் இல்லாவிட்டால் காகிதத்தில் வரைய வேண்டும். அதற்காகவே 8 நாளுக்கான வெற்றுத் தாள் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். கம்பெனிக்குச் சரிசெய்ய 8 நாள். போதாது என்றால் 5 நாளுக்குள் நீட்டிப்புக் கேட்க வேண்டும். ‘கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டு, காகிதம் எழுதிக்கலாம்’ என்று யாராவது சொன்னால் அதில் நீங்கள் சேராதீர்கள். கழற்றிய நேரமும் மீண்டும் மாட்டியபோது ஓடோமீட்டர் தாவியதும் பதிவாகியே இருக்கும்.

நேர வித்தியாசத்துக்கு ஒரே ஒரு வழி: வண்டி எந்த ஊரில் ஓடினாலும், லாக் அந்த டிரைவரின் ஹோம் டெர்மினல் (அவர் வழக்கமாக வேலைக்கு வரும் கம்பெனி நிலையம்) நேரத்தில்தான் இருக்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஈஸ்டர்ன் நேரத்தோடு 9½ மணி கூட்டினால் நம் நேரம். மற்ற மாதங்களில் 10½. சென்ட்ரலுக்கு 10½, 11½. பசிபிக்குக்கு 12½, 13½. கோடையில் ஈஸ்டர்ன் நள்ளிரவு நமக்குக் காலை 9.30. நீங்கள் காலை 6-க்கு ஷிஃப்ட் முடிக்கும்போது அங்கே இரவு 8.30தான், அன்றைய லாக் இன்னும் முடியவில்லை. ‘சான்றளிக்கவில்லை’ என்று அப்போது டிரைவரை விரட்டாதீர்கள். அதைக் காலை ஆளிடம் எழுதி ஒப்படையுங்கள். மேலே சொன்ன 14 மணி உதாரணம் முடியும் இரவு 8 நமக்கு விடியற்காலை 5.30. தூக்கம் கண்ணை அழுத்தும் அந்த நேரத்தில்தான் உங்கள் டிரைவர்களின் கடிகாரமும் முடிகிறது. எனவே 3.30-க்கே ஒரு சுற்றுப் பார்த்து, இரண்டு மணிக்குக் குறைவாக மிச்சம் உள்ளவர்களுக்குப் போன் போடுங்கள். அங்கே ஆறு மணிக்கு டிரக் ஸ்டாப்பில் இடம் இருக்கும். எட்டு மணிக்கு இருக்காது, இடம் தேடித்தான் பலர் நேரம் தாண்டுகிறார்கள்.

‘ஒரு மணி நேரம் கொடு’ என்று கேட்பவரிடம் கோபப்படாதீர்கள். பெரும்பாலும் மைலுக்கு இவ்வளவு என்றுதான் சம்பளம், கிடங்கில் நின்ற ஆறு மணிக்கு அவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. ஆனால் 36 டன் வண்டியைத் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறவர் அவர். எதிரே வருபவர்களும் மனிதர்கள்தான். ‘அண்ணா, ஓடினதை என்னால குறைக்க முடியாது, சிஸ்டத்துல நிக்கும். பக்கத்துல எங்க நிறுத்தலாம்னு பார்த்துச் சொல்றேன், லோடு தாமதத்தை டிஸ்பேட்ச்ல நான் பேசுறேன்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். பேசவும் செய்யுங்கள். சோர்ந்திருப்பதாகச் சொல்லும் டிரைவரை ஓட்டச் சொல்லி நிர்ப்பந்திப்பதே அங்கே தனிக் குற்றம்.

டீம் லீடருக்கு வாய்மொழியாகப் பதில் சொல்லாதீர்கள். மின்னஞ்சலில் வண்டி எண், தேதி, ஹோம் டெர்மினல் நேரம், கேட்ட மாற்றம் நான்கையும் எழுதி, ‘இது தானாகப் பதிந்த டிரைவிங் நேரம், குறைக்க முடியாது, குறிப்பு மட்டும் சேர்க்கலாம், சேர்க்கட்டுமா?’ என்று கேளுங்கள். அதன் பிரதி கம்பெனியின் சேஃப்டி பிரிவுக்கும் போகட்டும். எழுத்தில் கேட்டால் பலர் அந்த வேலையைத் திரும்பக் கேட்பதில்லை. ஏழு மாதத்தில் ஏற்கெனவே டிரைவிங் நேரத்தைக் குறைத்திருந்தால், எந்தெந்த வண்டி, எந்தத் தேதி, யார் சொன்னது என்று பட்டியலிட்டு அதே மின்னஞ்சலில் தெரிவியுங்கள். மூலப்பதிவு உள்ளே இருப்பதால் சேஃப்டி பிரிவு அதைச் சரிசெய்ய முடியும். மறுத்த பிறகும் வற்புறுத்தினால் வேறு வேலை தேடுவதே நல்லது என்பது என் கருத்து. இந்தக் கணக்கை நேர்மையாகத் தெரிந்தவருக்கு இரவு ஷிஃப்ட் அலுவலகங்களில் வேலை கிடைக்கும்.

நம் ஊரிலும் 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரை மணி இடைவேளை என்றுதான் வகுத்தது. கும்பகோணம் சாலையில் ஓடும் லாரியில் அதைத் தானாகப் பதிய எஞ்ஜினோடு இணைந்த கருவி கட்டாயமில்லை. அதனால் நீங்கள் கற்கும் இந்தக் கணக்குக்கு இங்கேயும் ஒரு நாள் தேவை வரும்.

இன்றிரவு ஷிஃப்டுக்குப் போனதும் 32 வண்டியின் பெயரில்லாத ஓட்டப் பட்டியலை முதலில் திறங்கள். 30 நிமிடத்தைத் தாண்டியவை மேலே வரட்டும். எட்டு நாளுக்கு முந்தையதைத் தொடுவதற்கு முன் கடைசி எட்டு நாளை முடியுங்கள், சாலையில் அதிகாரி பார்ப்பது அந்த எட்டு நாளைத்தான்.